மெட்டுக் குறிப்பு: பாடல் தலைப்பின்கீழ் மறைந்திருக்கும் இசை வரலாறு

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அச்சான தமிழ்ப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டுவோர், பல பாடல்களின் தலைப்பின்கீழ்ச் சிறிய எழுத்தில் ஒரு வரி இருப்பதைக் காண்பர். மக்கள் முன்னரே அறிந்த வேறொரு பாடலின் முதலடியைச் சுட்டி, 'என்ற மெட்டு' என்றோ 'என்ற வர்ணமெட்டு' என்றோ அவ்வரி முடியும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து நாடகப் பாடல்களிலும், சென்னைக் குஜிலிக் கடைத்தெருவிலிருந்து மலிவு விலையில் பரவிய கொலைச்சிந்து, வெள்ளச்சிந்து, இரயில் விபத்துப் பாட்டு ஆகியவற்றிலும் இது பரவலாகக் காணப்படுகிறது. இசைக்குறியீடு அறியாத வாசகனுக்கு இந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது. அதைப் படித்த மாத்திரத்தில் அவன் பாடத் தொடங்கிவிடுவான்.

இலக்கிய ஆய்வாளர்கள் இவ்வரியைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றனர். மறுபதிப்புகளிலும் பாடநூல்களிலும் இது முதலில் நீக்கப்படும் வரியாகவும் இருக்கிறது. பாட்டின் சொற்களே பனுவல், மெட்டு வெறும் பாடுமுறை என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். இவ்வரியும் பனுவலின் உறுப்பே என்பதும், இதனை நீக்கினால் சில பாடல்கள் பொருளிழக்கின்றன, வேறு சில வரலாறிழக்கின்றன என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். இதற்குச் சான்றாக இசைப் பகுப்புகளின் எல்லைகளைக் கடந்து நிற்கும், அதனாலேயே எவராலும் உரிமை கொண்டாடப்படாத சில பாடல்கள் இங்கே எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

பாட்டின் இசையைப் பாட்டோடு சேர்த்து எழுதிவைக்கும் வழக்கம் தமிழில் அச்சுக்கூடத்தோடு பிறந்ததன்று. பரிபாடலின் பாட்டுகள் பலவற்றிற்கு அடியில், பாடியவர் பெயரும் இசை வகுத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன. இரண்டாம் பரிபாடலைப் பாடியவர் கீரந்தையார், அதற்கு இசை வகுத்தவர் நன்னாகனார், பண் பாலையாழ். இருபதாம் நூற்றாண்டின் இசைத்தட்டு உறையில் பாடலாசிரியரையும் இசையமைப்பாளரையும் பிரித்துக் காட்டியதற்கு ஒப்பான நுட்பம் இது. தேவாரப் பதிகங்கள் பண்முறையில் தொகுக்கப்பட்டதும், பண் மறந்துபோன காலத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருவரின் துணையால் அது மீட்கப்பட்டதாகத் திருமுறைகண்ட புராணம் கூறுவதும் இங்கு ஒப்புநோக்கத் தக்கவை.

மெட்டே பொருளாகும் பாட்டு

பாரதியின் 'தொண்டு செய்யும் அடிமை' என்னும் பாடலை எடுத்துக்கொள்வோம். சுயராஜ்யம் விரும்பிய பாரதவாசிக்கு ஆங்கிலேய உத்தியோகஸ்தன் கூறுவதாக இது அமைந்துள்ளது. தாளில் படிக்கும்போது, அதிகாரச் செருக்குடைய ஒருவனின் வசைமொழியாகவே இது தோன்றுகிறது. எள்ளல் இருக்கிறது, ஆயினும் அதன் கூர்மை எங்கிருந்து வருகிறது என்பது விளங்குவதில்லை.

இப்பாடல், கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில், மார்கழித் திருநாளுக்குத் தில்லை செல்ல விடைகேட்டு நிற்கும் நந்தனை நோக்கி அவனுடைய ஆண்டையாகிய வேதியர் சினந்து கூறும் பாட்டின் வர்ணமெட்டில் அமைந்தது. பாரதியே தலைப்பின்கீழ் அதனைக் குறித்துள்ளார். அந்தக் கீர்த்தனை கதாகாலட்சேப மேடைகளின் வழியாகத் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள்வரை சென்றிருந்தது. எனவே பாரதியின் பாட்டு தொடங்கியவுடனே கேட்போரின் செவியில் இரண்டு குரல்கள் ஒலித்திருக்கும். ஆங்கிலேய அதிகாரியின் வாயில் வேதியரின் குரல். விடுதலை கேட்கும் இந்தியனின் இடத்தில் நந்தன்.

இதன் விளைவு எளிதானதன்று. தம்மை அடிமைப்படுத்தியவன்மீது சினம் கொள்ளும் மேற்சாதியார், தாமே ஒருகாலத்தில் பேசிய மொழியை இப்போது தமக்கெதிராகக் கேட்கின்றனர். இந்தக் குற்றச்சாட்டைப் பாரதி சொற்களில் எங்கும் வெளிப்படையாக வைக்கவில்லை. அதை மெட்டு ஒன்றே சுமக்கிறது. கலெக்டர் விஞ்ச் வ.உ. சிதம்பரம் பிள்ளைக்குச் சொல்வதாக அமைந்த பாட்டையும் பாரதி நந்தனார் சரித்திர மெட்டிலேயே இயற்றினார் என்பதைக் கருதும்போது, இது தற்செயலான தெரிவன்று என்பது உறுதியாகிறது. மெட்டுக் குறிப்பை நீக்கிவிட்டு இப்பாடல்களைக் கற்பிக்கும் ஆசிரியர், பாட்டின் பாதியை மட்டுமே கற்பிக்கிறார் என்று கூறுவது மிகையாகாது.

(நந்தனார் சரித்திரத்திற்கே புலவருலகில் நேர்ந்ததை இங்கு இடைப்பிறவரலாகச் சொல்லலாம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதன் இலக்கண வழுக்களைக் கண்டு சிறப்புப் பாயிரம் தரத் தயங்கினார் என்றும், பின்னர் அதன் இசையில் உருகியே அதனை அளித்தார் என்றும் உ.வே. சாமிநாதையர் பதிவு செய்துள்ளார். பாட்டைக் கண்ணால் படிப்பதற்கும் காதால் கேட்பதற்கும் இடையிலான தொலைவை அக்காலப் புலவர்களும் அறிந்தே இருந்தனர்.)

கோட்டையில் ஒலித்ததும் கோயிலில் ஒலித்ததும்

மெட்டுக் குறிப்பு மறைந்தால் வரலாறு எவ்வாறு மறைகிறது என்பதற்கு முத்துசுவாமி தீட்சிதரின் (1775–1835) நோட்டுஸ்வரங்கள் தக்க சான்றாகும். கருநாடக இசையில் ஆழமான கமகங்களுக்கும் விளம்பகால நடைக்கும் பெயர்பெற்ற அவர், ஏறத்தாழ நாற்பது ஐரோப்பிய மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் இயற்றினார் என்பது, இசைத்துறைக்கு வெளியே இன்றும் பரவலாக அறியப்படாத செய்தியாகும். 'நோட்டுஸ்வரம்' என்னும் சொல்லே ஆங்கிலச் சொல்லையும் வடசொல்லையும் பிணைத்து உருவானது.

தீட்சிதரின் தந்தையார் இராமசாமி தீட்சிதர், சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் முதலியார் குடும்பத்தாரின் ஆதரவில் வாழ்ந்தார். அக்குடும்பத்தினர் கிழக்கிந்தியக் கம்பெனியோடு துபாஷித் தொடர்புடையவர்கள். இளைஞராக இருந்த தீட்சிதரும் அவர்தம் தம்பியரும் புனித ஜார்ஜ் கோட்டையின் பேண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்பு இவ்வாறு கிடைத்தது. தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்றார். அக்கருவி கருநாடக இசையுள் நுழைந்த வழிகளுள் இது தலையாயது. ஏறக்குறைய அதே காலத்தில் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னரின் (ஆட்சி 1798–1832) அவையிலும் மேனாட்டு வாத்தியக் குழு இயங்கியது.

எவ்வெந்த மெட்டுகள் எவ்வெந்தப் பாடல்களாயின என்று பார்க்கும்போதுதான் வியப்பு மேலிடுகிறது. 'சந்ததம் பாஹிமாம்' என்னும் பாடல் பிரித்தானிய அரச கீதத்தின் மெட்டில் அமைந்தது. 'வந்தே மீனாட்சி' என்பது 'லிமரிக்' என்னும் அயர்லாந்து மெட்டு. 'சக்தி ஸஹித கணபதிம்' ஒரு பிரெஞ்சு நடன மெட்டைத் தழுவியது. 'சியாமளே மீனாட்சி'யின் மெட்டை நம் பாலர்பள்ளிக் குழந்தைகள் அனைவரும் அறிவர். ஆங்கில அரிச்சுவடியை அவர்கள் பாடுவது அதே மெட்டில்தான். அது பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மெட்டு. மோட்சார்ட் அதன்மீது பன்னிரண்டு வேறுபாடுகளை அமைத்தார். விண்மீனைப் பற்றிய ஆங்கிலக் குழந்தைப் பாட்டை ஜேன் டெய்லர் 1806-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதுவும் பின்னர் இம்மெட்டில் வந்து சேர்ந்தது. ஆக, வியன்னாவின் இசைமேதையும் திருவாரூரின் வாக்கேயக்காரரும் ஒரே மெட்டைக் கையாண்டுள்ளனர். ஒருவரை மற்றவர் அறிந்திருக்க வழியில்லை.

இப்பாடல்களின் அமைப்பையும் சற்று நோக்க வேண்டும். எல்லாம் சங்கராபரண மேளத்தின் சுரங்களில், அதாவது மேனாட்டுப் பெருஞ்சுரவரிசையில் அமைந்தவை, கமகம் இல்லை. மெட்டின் ஒவ்வொரு சுரத்திற்கும் பெரும்பாலும் ஓர் எழுத்தே வருகிறது. நீட்டி இழைக்கும் இசைமரபில் தோய்ந்த ஒருவர், குறிலும் நெடிலும் சுரத்தின் கால அளவோடு பொருந்துமாறு சொல்லைத் தேர்ந்து வைத்துள்ளார். தம் முத்திரையான 'குருகுஹ' என்பதையும் பல பாடல்களில் இணைத்துள்ளார். மேட்டிமை கருதி மறைக்க வேண்டிய சிறுவிளையாட்டாக அவர் இவற்றைக் கருதியிருந்தால், முத்திரை இட்டிருக்கமாட்டார்.

பேரரசனைக் காக்குமாறு இறைவனை வேண்டும் மெட்டு, இசைத் தெய்வமாகிய சியாமளையைத் தன்னைக் காக்குமாறு வேண்டும் பாடலாகியதை எவ்வாறு விளங்கிக்கொள்வது? பின்காலனியக் கோட்பாட்டில் பயிற்சி பெற்ற நமக்கு இதனை எதிர்ப்பு என்றோ அடிபணிவு என்றோ வகைப்படுத்தும் ஆவல் எழுவது இயல்பே. இரண்டும் பொருந்தா என்பது என் கருத்து. தெருவில் நல்ல மெட்டொன்று கேட்டது; அது தம் தெய்வத்தைப் பாடவும் தகும் என்று ஓர் இசைவாணர் கருதினார். அடிமைப்பட்டவரின் தன்னம்பிக்கை எப்போதும் எதிர்ப்பின் வடிவத்திலேயே வெளிப்பட வேண்டும் என்பதில்லை.

இப்பாடல்கள் எஞ்சியதும் பதிவுகளின் பயனே. சி.பி. பிரௌனின் முயற்சியோடு தொடர்புடைய 1833-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படியொன்றும், ஏ.எம். சின்னசாமி முதலியார் 1893-இல் சென்னையில் வெளியிட்ட, ஐரோப்பியக் குறியீட்டில் கீழைநாட்டு இசையைத் தரும் நூலும் இவற்றுள் முதன்மையானவை. மூல மெட்டு இன்னதென்று இனங்காணப்பட்ட பாடல்களையே நாம் இன்று இவ்வாறு விளக்க முடிகிறது. இந்த அடையாளம் இல்லாவிடின், தீட்சிதரின் கீர்த்தனைகளோடு ஒட்டாத எளிய பயிற்சிப் பாடல்கள் என்ற அளவிலேயே இவை நின்றிருக்கும்.

இம்மரபு தீட்சிதரோடு முடியவில்லை. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் (1877–1945) இயற்றி, மதுரை மணி ஐயர் (1912–1968) கச்சேரியின் இறுதியில் பாடிப் புகழடையச் செய்த 'இங்கிலீஷ் நோட்டு', சொற்களே இல்லாமல் சுரங்களால் மட்டும் பாடப்படுவது. கச்சேரி மேடையிலிருந்து அது நாகசுரக் கலைஞர்களிடமும் சென்றது. திருமண வீட்டில் அதைக் கேட்டு மகிழ்வோர் பலர். இசைவரலாற்று நூல்களிலோ இதற்கு ஓரிரு வரிகளே கிடைக்கின்றன.

சிங்கப்பூரில் ஒரு லாவணி

சின்னசாமி முதலியாரின் நூல் வந்த அதே 1893-ஆம் ஆண்டில், சிங்கப்பூரில் ந.வ. இரங்கசாமி தாசனின் 'அதிவிநோதக் குதிரைப் பந்தய லாவணி' அச்சேறியது. இவ்வட்டாரத்தின் தொடக்ககாலத் தமிழ் நூல்களைப் பேசும்போது சி.ந. சதாசிவ பண்டிதரின் 'சிங்கைநகர் அந்தாதி' (1887) முதலியவை முதலில் நினைவுகூரப்படுகின்றன. அந்தாதிக்கு நம் இலக்கிய வரலாற்றில் இடமுண்டு. குதிரைப் பந்தயத்தைப் பாடும் லாவணியோ வேடிக்கைப் பொருளாகிவிடுகிறது.

லாவணி மராத்திய மண்ணில் பிறந்த பாட்டுவகை. தஞ்சையில் மராத்தியர் ஆட்சி 1676-இல் தொடங்கி 1855-இல் முடிந்தது. அவ்வாட்சியோடு வந்த லாவணி, ஆட்சி போன பின்னரும் போகவில்லை. காமன் பண்டிகையில் மன்மதன் எரிந்தான், எரியவில்லை என்று 'எரிந்த கட்சி, எரியாத கட்சி' பிரித்து இரவு முழுவதும் வாதிடும் தமிழ் ஊர்க்கலையாக அது வேரூன்றியது. அந்த வடிவம் கடல் கடந்து, ஆங்கிலேயர் வகுத்த பந்தயத் திடலைப் பாடப் பயன்பட்டது. சிங்கப்பூரில் குதிரைப் பந்தயக் கழகம் 1842-இல் தோன்றியது. பழைய பந்தயத் திடல் இருந்த ஃபேரர் பார்க், சிராங்கூன் சாலைத் தமிழர் வாழ்பகுதியை ஒட்டியது. ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் தெருப்பெயர் இன்றும் அதனை நினைவூட்டுகிறது. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் இறுதிப் பந்தயம் நடைபெற்றதோடு அந்நாட்டில் குதிரைப் பந்தயம் முடிவுக்கு வந்துவிட்டது. மராத்தி வடிவில் தமிழ்ச் சொல்லில் ஆங்கிலேயரின் கேளிக்கையைப் பாடிய அந்தச் சிறுநூலோ எஞ்சியிருக்கிறது. எந்த ஓசையில் அது பாடப்பட்டிருக்கும் என்ற வினாவை எழுப்பாமல், அதன் சொற்களை மட்டும் சமூக வரலாற்றுச் சான்றாக எடுத்தாள்வது குறைவுடையதே.

பெயர் சொல்லாத காலம்

திரைப்படமும் இசைத்தட்டும் பெருகிய பின்னர், கடன்வாங்குதல் குறையவில்லை. கடனைச் சொல்லும் வழக்கமே குறைந்தது. 'இன்ன மெட்டு' என்று அறிவிப்பது சிந்து பாடியவனுக்கு விற்பனை உத்தி. திரையிசைக்கு அது தன்மதிப்புக் குறைவு. புதுமைக்கு விலை ஏற்பட்டுவிட்ட சந்தையில் மூலத்தின் பெயர் சுமையாகிவிட்டது.

இலங்கைப் பொப்பிசைப் பாடகர் ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யை இதற்குக் காட்டலாம். பைலா என்னும் வகையைச் சேர்ந்த மெட்டு அது. 'ஆடுதல்' எனப் பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் பைலா. போர்த்துக்கீசியரும் அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கரும் இலங்கைக் கரையோரத்தில் விட்டுச்சென்ற ஆட்டப்பாட்டின் வழிவந்தது. அம்மெட்டு சிங்களத்திலும் தமிழிலும் பாடப்பட்டது. இளையராஜா அதனை 'அவர் எனக்கே சொந்தம்' (1977) படத்தில் பயன்படுத்தினார். பாடியவர் மலாயாவில் பிறந்த மலேசியா வாசுதேவன். இப்பாட்டை நம் இல்ல விழாக்களில் கைதட்டி ஆடாத தலைமுறை இல்லை. போர்த்துக்கல், ஆப்பிரிக்கா, கொழும்பு, கோடம்பாக்கம், மலாயா என ஐந்து தொடர்புகள் ஒரு மெட்டில் இருப்பதை ஆடுவோருக்கு அறிவிக்க மெட்டுக் குறிப்பு எதுவும் இல்லை.

எதிர்த்திசைப் பயணமும் உண்டு. 'ஸ்ரீ ராகவேந்திரர்' (1985) படத்தில் இளையராஜா அமைத்த 'உனக்கும் எனக்கும்' பாடலின் ஒலிப்பகுதியை அமெரிக்கக் குழுவான பிளாக் ஐட் பீஸ் 2003-ஆம் ஆண்டுத் தொகுப்பில் எடுத்தாண்டது. ஈழத்தமிழ்ப் பின்னணியுடைய பிரித்தானியப் பாடகி மாயா அருள்பிரகாசம், 'தளபதி' (1991) படத்தின் 'காட்டுக்குயிலு' பாடலை 2007-ஆம் ஆண்டுத் தொகுப்பில் பயன்படுத்தினார். இங்கே கடன்வாங்கப்படுவது மெட்டு மட்டுமன்று. பதிவான ஒலியே வெட்டி எடுக்கப்படுகிறது. ஆதலால் சட்டம் குறுக்கிடுகிறது.

இதன் தொடர்பில் ஒரு வழக்கைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 'ஜோதி' (1981) என்னும் இந்திப் படத்தில் பப்பி லஹிரி இசையில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டின் பகுதி, ட்ரூத் ஹர்ட்ஸ் என்னும் அமெரிக்கப் பாடகியின் 2002-ஆம் ஆண்டுப் பாடலில் அனுமதியின்றி இடம்பெற்றது. லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றம் 2003-இல், லஹிரியின் பெயரைக் குறிக்காமல் அக்குறுவட்டை விற்கலாகாது எனத் தடைவிதித்தது. காசுக்கு விற்ற சிந்து நூலின் ஆசிரியன் தானாகவே அச்சிட்ட ஒரு வரியை, ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் நீதிமன்ற ஆணையால் மீட்க வேண்டியதாயிற்று.

நம் களத்தில் செய்யத்தக்கது

மலேசியத் தோட்டப்புறங்களில் பாடப்பட்ட பாடல்களை மாணவர்கள் திரட்டிவரும்போது, ஏட்டில் சொற்கள் நிரம்பியிருக்கும், ஓசை இராது. பாடிய மூதாட்டியிடம் "இது எந்தப் பாட்டு மாதிரிம்மா?" என்ற ஒரு வினாவைக் கேட்டிருந்தால், அவர் பெரும்பாலும் விடை சொல்லியிருப்பார். தாலாட்டாயினும் பால்மரக் காட்டுப் பாட்டாயினும், பாடுவோர் மெட்டை மற்றொரு பாட்டின் பெயராலேயே நினைவில் வைத்திருக்கின்றனர். என் மாணவர்களின் களப்பணிப் படிவத்தில் 'மெட்டு' என்றொரு கட்டத்தைச் சேர்த்த பின்னர், பழைய நாடகப் பாடல்களும் திரைப்பாடல்களும் அக்கட்டத்தில் வந்து விழத் தொடங்கின. சில ஏடுகளில் மலாய்ப் பாடல்களும் இருந்தன. அம்மானை, கும்மி என்று நாம் எளிதாக வகைபிரித்து வைத்திருந்தவற்றுள் சில, திரைப்பாடல் மெட்டில் அமைந்த அண்மைக்காலப் படைப்புகள் எனத் தெரியவந்தது. அதனால் அவற்றின் மதிப்புக் குறையவில்லை; காலம் தெளிவாயிற்று.

தைப்பூச ஊர்வலங்களில் உறுமி மேளக் குழுவினர் பாடும் பாடல்களுக்கும் இதே முறை பொருந்தும். திரைமெட்டில் முருகனைப் பாடுவதைப் பக்திக்குறைவென்று கண்டிப்போர் நம்மிடையே உளர். அரச கீதத்தின் மெட்டில் சியாமளையைப் பாடிய தீட்சிதரை அவர்கள் எங்கே வைப்பார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. எந்தக் குழு, எந்த ஆண்டில், எந்தப் பாடலின் மெட்டில் பாடியது என்பதை இப்போதே குறித்துவைப்பது ஒரு வகுப்பின் ஒரு பருவத்து வேலைதான்.

சுட்டப்பட்ட மூலப் பாட்டே மறைந்துபோன இடங்களும் உண்டு. ஒரு சிந்து மற்றொரு சிந்தின் மெட்டைச் சுட்டும். அதைத் தேடிச் சென்றால் அது வேறொன்றைச் சுட்டும். அந்த வேறொன்று எங்கும் கிடைக்காது. இவ்வாறான குறிப்பைப் பயனற்றதெனப் பதிப்பாசிரியர்கள் நீக்க விரும்பலாம். 1918-இல் பரிபாடலைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையருக்கு, நன்னாகனார் வகுத்த இசை எவ்வாறு ஒலித்தது என்பதைக் கேட்டறிய வழியில்லை. எனினும் பாட்டின் அடியில் அவர் பெயரையும் பண்ணையும் ஏட்டில் கண்டவாறே அச்சிட்டுள்ளார்.